முகாமுக்கும் பயிற்சிக்கும் போகிற பிள்ளைகள்: சட்டம் யார் மேல் என்ன பொறுப்பு வைத்திருக்கிறது?

எட்டாவது படிக்கும் மகளைப் பத்து நாள் முகாமுக்குக் கூப்பிடுகிறார்கள், ஐந்தாவது படிக்கும் மகன் மாலையில் கராத்தே வகுப்புக்குப் போகிறான், இந்த மாதிரி இடங்களில் பிள்ளைகளுக்குச் சட்டப்படி என்ன பாதுகாப்பு இருக்கிறது, அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் பிள்ளைகள் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞராகச் சொல்கிறேன்: அனுப்புங்கள். சாரணர் இயக்கம், என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படை, ஜூனியர் ரெட் கிராஸ், விளையாட்டுப் பயிற்சி எல்லாம் பிள்ளைகளுக்கு நிறையக் கொடுக்கின்றன. பயந்துபோய் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். ஆனால் அனுப்பும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தப்பு செய்தவனுக்கு என்ன தண்டனை என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அமைப்பை நடத்துகிறவருக்கு என்ன கடமை இருக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரிவதில்லை, பல இடங்களில் நடத்துகிறவருக்கே தெரிவதில்லை. என் அனுபவத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளியிலேயே இரவு தங்கவைத்தார்கள். அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. இப்படி ஒரு முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கும் என்று வெளியாட்கள் சிலர் ஆசைகாட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று பள்ளி விசாரிக்கவில்லை என்று காவல்துறையே சொன்னது. முகாமில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள், வேறு சில மாணவிகளும் துன்புறுத்தப்பட்டார்கள். விஷயம் பள்ளி நிர்வாகத்தின் காதுக்குப் போயும் போலீசுக்குப் போகவில்லை. கடைசியில் பெற்றோர் புகார் கொடுத்த பிறகுதான் வழக்கு பதிவானது. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. இதே ஆட்கள் வேறு பள்ளிகளிலும் இப்படிப் போலி முகாம் நடத்தியிருந்தது விசாரணையில் வெளியே வந்தது. முக்கியக் குற்றவாளி என்று கைதானவர் சில நாட்களிலேயே இறந்துபோனார்.

செய்தியாகப் படிக்கும்போது அந்த ஆளின் கதைதான் மனதில் நிற்கும். எனக்கு முக்கியமாகத் தெரிவது, அந்தப் பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள் என்பது. அவர்கள் பிள்ளைகளைத் தொடவில்லை. தெரிந்தும் போலீசில் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் மேல் வந்த குற்றச்சாட்டு.

அந்தக் குற்றச்சாட்டுக்கு அடிப்படை, 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19, 21 ஆகிய பிரிவுகள். 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் உள்ளூர் காவல் நிலையத்திலோ சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது எல்லோருக்கும் பொது. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும் என்று 21(2) தனியாகச் சொல்கிறது. நிறுவனத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி என்பதுபோல் அந்தப் பிரிவை எழுதியிருக்கிறார்கள். டிரஸ்ட், அகாடமி, சங்கம், மன்றம், கிளப் என்று எந்தப் போர்வைக்குள்ளும் ஒளிந்துகொள்ள முடியாது.

‘முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரிக்கிறோம், உண்மை என்று தெரிந்தால் போலீசுக்குப் போகலாம்’ என்று நிர்வாகம் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. உண்மையா பொய்யா என்று பார்ப்பது போலீசின் வேலை, அப்புறம் நீதிமன்றத்தின் வேலை. வேலைபார்க்கும் பெண்களுக்காக 2013 சட்டத்தின்படி அமைத்த உள்புகார் குழுவிடம் பிள்ளையின் புகாரைத் தள்ளிவிட்டு, விசாரணை நடக்கிறது என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் தப்பு. குழு விசாரிக்கட்டும், போலீசுக்கும் அன்றே தகவல் போயிருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று 19(7) பாதுகாப்பு தருகிறது. ஆகவே, ‘பொய்யாக இருந்துவிட்டால் நமக்கு வம்பு’ என்ற சாக்கும் செல்லாது. தகவல் சொல்லாமல் விடுவது கடுமையான குற்றம், குற்றவாளிகளைத் தப்பவைக்கிற செயல் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு பள்ளி விடுதிப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. விஷயம் தெரிந்தும் சொல்லாத மருத்துவர் மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது.

இந்தக் கடமை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கச் சாரணர் அமைப்பைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர்கள் என்று தெரிந்த தலைவர்களின் பெயர்களை அந்த அமைப்பு 1920-கள் முதலே ரகசியக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருந்தது. அந்த ஆட்கள் மறுபடி அமைப்புக்குள் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் கோப்புகள். போலீசுக்குச் சொல்லாமல் விட்டவை ஏராளம். 2012-ல் நீதிமன்ற உத்தரவால் அதில் ஒரு பகுதி வெளியே வந்தது. 2020-ல் அமைப்பு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது 82,000-க்கும் மேற்பட்டவர்கள் சிறுவயதில் தங்களுக்கு நடந்ததற்கு இழப்பீடு கேட்டு வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்க ஒப்புக்கொண்ட தொகை சுமார் 246 கோடி டாலர். உள்ளுக்குள் பட்டியல் போட்டு வைப்பதால் அமைப்பின் பெயர் கொஞ்ச காலம் பிழைக்கலாம். அந்த ஆள் அடுத்த ஊருக்குப் போய் அடுத்த பிள்ளையைத் தேடுவான். நம் சட்டம் தகவலை நேராகப் போலீசுக்குக் கொண்டுபோகச் சொல்வது இந்த வழியை அடைக்கத்தான்.

சரி, குற்றம் செய்தவருக்கு வருவோம். முன்பின் தெரியாதவன் செய்வதைவிட, நம்பி ஒப்படைத்த ஆள் செய்தால் போக்சோவில் தண்டனை அதிகம். கல்வி நிறுவனத்தின் நிர்வாகி, ஊழியர், பிள்ளைகளுக்குச் சேவை தரும் எந்த நிறுவனத்தின் உரிமையாளர், ஊழியர், பிள்ளையின் மேல் அதிகாரமோ நம்பிக்கையோ உள்ள இடத்தில் இருக்கும் எவரும் வன்புணர்வுக் குற்றம் செய்தால் அது 5-வது பிரிவின் கீழ் கொடிய குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சமே 20 வருடம், அதற்கு மேல் வாழ்நாள் சிறை, மரண தண்டனை வரை போகலாம். தவறான நோக்கத்தோடு தொடுவது இதே ஆட்களிடமிருந்து வந்தால் 5 முதல் 7 வருடம். கராத்தே மாஸ்டர், நீச்சல் கோச், சாரண ஆசிரியர், என்.சி.சி. பயிற்றுநர், டியூஷன் சார் எல்லோரும் இதில் வருவார்கள். ‘டிரஸ் மேலேதானே தொட்டார்’ என்று ஒரு வாதம் வரும். அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரிலேயே தள்ளிவிட்டது. உடை மேல் தொட்டாலும், பாலியல் நோக்கம் இருந்தால் குற்றம்தான்.

உங்கள் மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகாமுக்குப் போகும் மகளை நினைத்து இவ்வளவு கவலைப்படும் பெற்றோர், தினமும் பயிற்சிக்குப் போகும் மகனை நினைத்து அந்த அளவு யோசிப்பதில்லை. போக்சோ ஆண் பெண் பார்ப்பதில்லை. மத்திய அரசு 2007-ல் 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னவர்களில் பாதிக்குமேல் ஆண் பிள்ளைகள். பையன்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு. கேலி செய்வார்கள் என்ற பயம் அவர்களுக்கு அதிகம்.

நடக்காமல் தடுக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், அதற்கான பதில் 2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகளில் இருக்கிறது. மூன்றாவது விதிதான் நமக்கு வேண்டியது. பிள்ளைகளைத் தங்கவைக்கும் அல்லது பிள்ளைகளோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கும் எந்த நிறுவனமும், பள்ளி, காப்பகம், விளையாட்டு அகாடமி உட்பட, பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும். நிரந்தர ஊழியரா, ஒப்பந்த ஊழியரா என்ற வித்தியாசம் இல்லை. ஊழியர்களுக்குப் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிப் பயிற்சியும் தர வேண்டும். வன்முறையைத் துளியும் பொறுக்காத குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கையை அரசு வகுக்க வேண்டும், பிள்ளைகளோடு வேலை செய்யும் எல்லா அமைப்புகளும் அதை ஏற்று நடக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சரிபார்ப்பு பற்றிய விதி ஊழியர்களைத்தான் சொல்கிறது. நம்மூரில் இளைஞர் அமைப்புகளில் பாதிப் பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பழைய மாணவர்கள், ஒரு வாரத்துக்கு மட்டும் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் வெளியாட்கள். ‘அவர் எங்கள் ஸ்டாஃப் இல்லை, ஃப்ரீயாக வந்து உதவுகிறார்’ என்று ஒரு வரியில் நிர்வாகம் நழுவப் பார்க்கும். கிருஷ்ணகிரியில் வந்தவர்களும் வெளியாட்கள்தான். பிள்ளையோடு பழகும் எவராக இருந்தாலும், சம்பளம் உண்டோ இல்லையோ, சரிபார்ப்பு கட்டாயம் என்று விதியைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பெற்றோர்தான்.

இன்னொன்று, போலீஸ் சரிபார்ப்பில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அந்த ஆள் மேல் வழக்கு பதிவாகவில்லை என்றுதான் அர்த்தம். அவர் நல்லவர் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 முதல் இருக்கிறது, ஆனால் அதைப் பார்ப்பது விசாரணை அமைப்புகள் மட்டும். நீங்களோ பள்ளியோ அதில் பெயர் போட்டுத் தேட முடியாது. தேசிய அளவிலான விளையாட்டு அமைப்புகளுக்குப் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை வேண்டும் என்று 2025-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. நல்ல விஷயம்தான். உங்கள் தெருக்கோடி கராத்தே வகுப்பு வரை அது இறங்கி வர நாளாகும்.

அதனால் மகளின் முகாமுக்குப் பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள். என்.சி.சி. முகாம் என்றால் எந்த பட்டாலியன் நடத்துகிறது, உத்தரவுக் கடிதம் எங்கே? என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. முகாமுக்கு முறையான உத்தரவு இருக்கும், பள்ளியில் பொறுப்பு அதிகாரியாக ஓர் ஆசிரியர் இருப்பார். சந்தேகமாக இருந்தால் பட்டாலியன் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்கலாம். சாரணர் முகாம் என்றால் மாவட்டச் சங்கத்தில் கேட்கலாம். அப்புறம், இரவில் பெண் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், அதே கூடத்தில் அல்லது பக்கத்து அறையில் எந்த ஆசிரியை இருப்பார், அவர் பெயர் என்ன, பயிற்சி முடிந்து ஆண் பயிற்றுநர்கள் எங்கே தங்குகிறார்கள், கழிப்பறை எவ்வளவு தூரம், பிள்ளை வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் போன் யாரிடம் இருக்கும்? எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியை, பட்ட அடிகளுக்குப் பிறகு, அமெரிக்கச் சாரணர்கள் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் அதையே கேளுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியாகவாவது பதிலை வாங்கி வையுங்கள். கூச்சப்படாதீர்கள், நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். கராத்தே வகுப்பில் கேட்க வேண்டியது சின்ன விஷயம்: பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? முடியாது என்றால் அந்த வகுப்பே வேண்டாம்.

முகாமுக்கு ஒரு சம்மதப் படிவம் தருவார்கள். ரத்தப் பிரிவு, அலர்ஜி, அவசரத் தொடர்பு எண் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ‘முகாம் காலத்தில் ஏற்படும் எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாம்தான் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பின்னால் வாயடைத்துப்போகும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியால் குற்றவியல் பொறுப்பில் இம்மியும் குறையாது. குற்றத்திலிருந்து விடுதலை தரும் ஒப்பந்தம் எதுவும் சட்டத்தின் முன் செல்லாது. தைரியமாக அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், அடிக்காமல் போட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது.

பாலியல் விஷயம் இல்லாமல், பயிற்சி என்ற பெயரில் அடிப்பது, வெயிலில் மயக்கம் வரும்வரை முட்டி போடவைப்பது, தண்ணீர் தராமல் ஓடவிடுவது போன்றவற்றுக்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவு இருக்கிறது. பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற அமைப்பின் ஊழியரோ நிர்வாகியோ கொடுமை செய்தால் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். ‘டிசிப்ளின்’ என்று சொல்லி இதைக் கடந்துபோகிறவர்கள் நம்மில் அதிகம். மூத்த மாணவர்கள் செய்தாலும் நிர்வாகம் பேசாமல் இருக்க முடியாது. பாலியல் குற்றத்தைச் செய்தவர் 18 வயதுக்குக் கீழே என்றால் விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அவ்வளவுதான். தகவல் சொல்லும் கடமை அப்படியே இருக்கும்.

ஏதாவது நடந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வது? முழுக்கச் சொல்லவிடுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை, நாள் நேரம் போட்டு, அப்படியே எழுதி வையுங்கள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வையுங்கள். பாதிப்பு உடலில் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. புகார் எங்கே, ஆர்டர் எங்கே என்று கேட்டு அவசரச் சிகிச்சையைத் தாமதிக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை, தனியார் மருத்துவமனைக்கும் இல்லை. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம்.

புகாரை அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். முகாம் வேறு மாவட்டத்தில் நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள், போகலாம். சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்) கொடுத்து ‘விசாரிக்கிறோம்’ என்று அனுப்பினால் அதோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கேளுங்கள். அதன் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். தகவலைப் பதிவுசெய்ய மறுக்கும் போலீஸ்காரருக்கும் போக்சோவின் அதே 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழையுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

வாக்குமூலம் வாங்க உங்கள் வீட்டுக்கே வர வேண்டும், அல்லது பிள்ளை விரும்பும் இடத்துக்கு. கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல். நன்றாக நடக்கும் வழக்கில் இது எப்படி இருக்கும் தெரியுமா? சுடிதார் போட்ட ஒருவர் வந்து கட்டிலில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம், சிநேகிதிகள் என்று பேச்சுக்கொடுத்து, அம்மா கையைப் பிடித்தபடியே பிள்ளை சொல்லச் சொல்ல அதன் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்வார். பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூட நிற்க ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம், கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சொந்த வழக்கறிஞர் வைக்க முடியாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீட்டுக்கும் மனுப்போடலாம். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்விகளை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். பெயர், படம், பள்ளி எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. பெற்றோர் குழு வாட்ஸ்ஆப்பில் பிள்ளையின் பெயரைப் போடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடக்கம்.

தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது.

கடைசியாக, சமரசப் பேச்சு கட்டாயம் வரும். பள்ளித் தாளாளர் தரப்பிலிருந்து ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், சில நேரம் உங்கள் சொந்தக்காரரே ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘பொண்ணோட எதிர்காலத்தை யோசிங்க, பேசி முடிச்சிக்கலாம்’ என்பார்கள். ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மேல் வந்த வழக்கில், மாணவியின் அப்பாவோடு சமரசம் எழுதி, அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த ரத்து உத்தரவைத் தள்ளுபடி செய்து, வழக்கு நடக்கட்டும் என்றது. இப்படிப்பட்ட குற்றம் இரண்டு குடும்பங்களுக்கு இடையே உள்ள தனிப்பட்ட தகராறு இல்லை, பெற்றோர் கையெழுத்துப் போட்டு முடித்துவைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். பேச வருகிறவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் வந்திருந்தால், 19-வது பிரிவு அவர்களுக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.